ஆறாத புண்ணும் மச்சாளின் சைக்கிளும்

சின்ன வயதில் கொதிநீர் கொட்டியதால் என் கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருந்தது. கல்யாணமாகி உரும்பிராய்க்கு வந்த இரண்டாம் வருடம் அதில் ஒரு புண் வந்தது. மாதக்கணக்காகியும் ஆறவில்லை. சீலைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தேன். கிணற்றடியில் கால் கழுவும்போது என் கணவரின் அக்கா கண்டுவிட்டார்.

"என்ன உது?"

"சும்மா புண், மச்சாள்."

அவர் குனிந்து பார்த்தார். "உது சும்மா புண் இல்லைப் பிள்ளை. நாளைக்கு விடிய வெள்ளண வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

யுத்தத்தால் பெற்றோல் கிடைக்காத காலம். தன் சைக்கிள் கரியரில் என்னை இருத்தி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு உழக்கினார். புண்ணில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு எடுத்தார்கள். சில கிழமைகளுக்குப் பிறகு முடிவு வந்தது.

"புற்றுநோய்தான். ஆனா தோலோடை நிக்குது. வெட்டி எடுக்கலாம்," என்றார் டொக்டர்.

மச்சாள்தான் கேட்டார். "அப்ப தப்பியிடுவா, என்ன?"

"ஓம். நேரத்தோடை வந்திட்டியள்."

திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பனங்கட்டியோடு பால் விடாத பிளேன்ரீ வாங்கித் தந்தார். நான் அழுது முடியும்வரை என் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உன்ரை மாமி தாங்கமாட்டா. நாய் கடிச்சதெண்டு சொல்லுவம்."

முதுகில் விறைப்பூசி போட்டுப் புண்ணை வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நான் வீடு வந்தபோது, மாமி கையில் விளக்குமாறோடு படலையில் நின்றார். பக்கத்து வீட்டு நாய் எங்கள் ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டதாம். மச்சாளும் நானும் அறைக்குள் போய்ச் சிரித்த சிரிப்பில் தொடைக்காயம் நொந்தது.

மருந்து கட்டவும் பிறகு காலைக் காட்டவும் எத்தனையோ முறை அந்த வழியால் போனோம். வாழைத் தோட்டங்களுக்கு இறைக்கும் தண்ணீரின் மணம், செம்மண் புழுதி, மச்சாளின் ஓயாத கதை. ஷெல் சத்தம் கேட்டால் இறங்கி மதிலோரம் குந்துவோம். அடங்கியதும், கதையை விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார். நோயாளியாக இருந்த அந்த நாட்களை ஏன் இவ்வளவு ஆசையோடு நினைக்கிறேன் என்று என் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை.

"இனி வரத் தேவையில்லை," என்று டொக்டர் சொன்ன நாளில் எனக்குச் சந்தோஷத்தோடு ஏதோ ஒரு வெறுமையும் இருந்தது. வாசலில் சைக்கிளை நான் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் பின்னாலை இருங்கோ, மச்சாள். நான் உழக்கிறன்."

"விழுத்திப்போடுவாய்."

ஆனாலும் ஏறி இருந்தார். பள்ளத்தைப் பார், மாட்டைப் பார் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.