பதினொன்றும் பதினான்கும் என்னுடையவை அல்ல

எங்கள் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனாலும் மருத்துவ ஆய்விதழ்களில் அவர் பெயர் அவ்வப்போது அச்சாகிறது. ஒருமுறை காட்டியபோது பயந்துவிட்டார். "நான் ஒண்ணும் எழுதலையேம்மா, ஏதாவது வம்பு வந்துடப் போவுது" என்றார்.

எழுதியது நானும் அக்காவும். குளறுபடியும் எங்களுடையதுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அதன் பின் சொந்தப் பெயர், அவ்வளவுதான். காலியாக விட்டால் விசாவில் சிக்கல் வரும் என்று ஏஜென்ட் சொன்னார். இருவரும் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தோம். பிறகு ஆய்விதழ்களின் படிவங்களிலும் அதையே நிரப்பினோம். எங்கள் இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குகிறது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆய்விதழ்க் கட்டுரையின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியல், மேற்கோள் காட்டப்பட்டவர்களின் குடும்பப் பெயரை முழுதாக வைத்துக்கொண்டு, சொந்தப் பெயரை ஓர் எழுத்தாக நறுக்கிவிடும். போதாததற்கு இருவருக்கும் ஒரே துறை, சிறுநீரகம். ஆக, மதுரை அரசு மருத்துவமனையில் இருக்கும் அக்காவும் லண்டனில் இருக்கும் நானும் ஒரே ஆள். அந்த ஆள் எங்கள் அப்பா.

போன வருடம் நான் முதன்மையாக எழுதி, முதல் ஆசிரியராக இருந்த கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பியது. முதல் ஆசிரியர் தன் கட்டுரைகளையே நான்கு முறை மேற்கோள் காட்டியிருக்கிறார், இரண்டைக் குறைக்கவும் என்று குறிப்பு. நான்கில் இரண்டு என்னுடையவை. பட்டியலில் பதினொன்றாவதும் பதினான்காவதும் அக்காவுடையவை. என் மேலதிகாரியான மருத்துவர் பட்டியலை ஒரு நோட்டம் விட்டார். "பதினொன்று, பதினான்கு. இவை பழையவை, எடுத்துவிடு" என்றார். நான் தலையாட்டினேன்.

ஏன் தலையாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கான நேர்காணலில் இதே மருத்துவர் என்னைப் பார்த்து, "உங்கள் கட்டுரையை விரும்பிப் படித்தேன்" என்று சொல்லி, அதிலிருந்து ஓர் அட்டவணையைப் பாராட்டினார். அது அக்காவின் கட்டுரை. விண்ணப்பத்தில் நான் அதைக் குறிப்பிடவே இல்லை. அவராகத் தேடிப் படித்திருக்கிறார். என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரித்து வைத்தேன். வேலை கிடைத்தது.

பட்டியல் போடும் மென்பொருளில் இரண்டையும் நீக்கினேன். கீழே இருந்த எண்கள் தாமாகவே மேலே நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொண்டன. கட்டுரையில் மட்டும் ஒரு வாக்கியம் ஆதாரமில்லாமல் நின்றது. எங்கள் ஆய்வு கேட்கும் கேள்வியை முதலில் கேட்டவள் அக்கா என்பதைச் சொல்லும் வாக்கியம் அது. எனக்கு என் மீதே கோபம் வந்தது. இரண்டையும் திரும்பச் சேர்த்தேன்.

மருத்துவமனை நூலகத்தில் ரெஃபரன்ஸ் விவகாரங்களைப் பார்ப்பவர் லண்டனின் டூட்டிங் பகுதியில் இருந்து வரும் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணை. பட்டியலைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இதே கரைச்சல்தான், தங்கச்சி. கம்ப்யூட்டருக்கு எங்கட அப்பாமாரை மட்டும்தான் தெரியும்."

"சரி பண்ண முடியுமாண்ணை?"

"ஓம், ஏலும். ரெண்டு பேர் ஒரே ஆளாத் தெரிஞ்சால் முழுப் பேரையும் போடலாம் எண்டு இந்த ஜேர்னலின்ர விதியில கிடக்கு. ஆனா எடிட்டருக்குக் கடிதம் எழுத வேணும். உங்கட பொஸ்ஸும் கையெழுத்து வைக்க வேணும்."

அந்தக் கையெழுத்தில்தான் எல்லாம் இருந்தது. அதைக் கேட்கப் போனால் நேர்காணலில் மறைத்ததையும் சொல்ல வேண்டும். மதிய இடைவேளையில் அக்காவை அழைத்து விவரம் சொன்னேன்.

"எடுத்துடுடி. இங்க யாரு அதப் பாக்கப் போறா? உனக்கு வேலை முக்கியம்" என்றாள்.

"மாட்டேன்க்கா" என்று சொல்லி, நேர்காணல் கதையையும் சொன்னேன்.

"அந்த டேபிளையா பாராட்டுனாங்க?"

"ஆமா."

"அது நைட் டியூட்டி முடிஞ்சு வந்து, பாப்பாவ மடியில வெச்சுக்கிட்டு நான் போட்டதுடி."

வெட்கமாக இருந்தது. அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை மருத்துவரின் அறைக்குப் போனேன். பதினொன்றும் பதினான்கும் என் அக்கா எழுதியவை என்றேன். நேர்காணலில் நீங்கள் பாராட்டியதும் அவளுடையதுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"எனக்கு வேலை வேண்டியிருந்தது."

அவர் என் பழைய விண்ணப்பத்தைத் திரையில் திறந்து என் எதிரிலேயே வரிவரியாகப் படித்தார். அதில் பொய் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது, ஆனால் முகம் இளகவில்லை. எடிட்டரிடம் இதையெல்லாம் கிளறாமல் அந்த இரண்டையும் எடுத்துவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்றார். தலையாட்டும் பழக்கத்தை நான் முந்தின நாளே விட்டிருந்தேன்.

"வாயை மூடிக்கொண்டிருந்தது நான். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அக்காவின் வேலையை எடுப்பதாக இருந்தால் முதல் ஆசிரியர் இடத்திலிருந்து என்னையும் எடுத்துவிடுங்கள். அவள் இல்லாத பட்டியலில் என் பெயர் வேண்டாம்."

கடிதத்தை மேசை மீது வைத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்துக்கு என்று பேசியிருந்த என் பணி நீட்டிப்பு, கடிதமாக வந்தபோது ஆறு மாதமாக இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

எடிட்டர் நாங்கள் வெவ்வேறு ஆட்கள்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார். இருவரின் பட்டச் சான்றிதழ்களையும் அனுப்பினோம். அவற்றில் எங்கள் பெயர்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே இருந்தன, முன்னால் அப்பாவின் ஓர் எழுத்தோடு. அவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே கட்டுரையின் தலைப்புக்குக் கீழே என் பெயரையும் அப்படியே மாற்றினேன். இனி தேடினால் உங்களுடைய பழைய கட்டுரைகள் இந்தப் புதுப் பெயரில் வராது, தங்கச்சி, என்று அண்ணை எச்சரித்தார். வராவிட்டால் போகட்டும் என்றேன்.

அச்சுக்கு முந்தைய பிரதி லண்டன் பிளேஸ்டோவில் நான் தங்கியிருக்கும் அறையில் இருந்தபோது மின்னஞ்சலில் வந்தது. நேரே பட்டியலுக்குப் போனேன். பதினொன்றிலும் பதினான்கிலும் அக்காவின் பெயர் முழுதாக இருந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தேன். அங்கே என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்வி: "ஆசிரியரின் குடும்பப் பெயர் விடுபட்டுள்ளது. நிரப்பவும்."

பதில் எழுதும் கட்டத்தில், "எதுவும் விடுபடவில்லை" என்று எழுதி அனுப்பினேன்.