அறுத்து எறிந்த நூல்

சுவிஸில், திரிம்பாக் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு ஓல்ட்டன் ரயில் நிலைய வாங்கில் இருக்கிறேன். பக்கத்திலிருக்கும் முதியவர், கோவிலில் என் மணிக்கட்டில் கட்டிவிட்ட சிவப்பு நூலையே பார்க்கிறார்.

"வேலையில இதைக் கட்ட விடுறாங்களோ?" என்று டொச் மொழியில் கேட்கிறார்.

லாவோஸ்காரர். கைக்குழந்தையோடு மீகாங் ஆற்றைக் கடந்து அகதியாக வந்தவர். முப்பது வருடமாக இங்கே ஓர் உணவுத் தொழிற்சாலையில் பொதி செய்கிறார். அந்தக் குழந்தை இன்று தாதி. அவளுக்குப் பிள்ளை பிறந்ததற்கு நேற்றுச் சடங்கு செய்து, உறவினர்கள் இவர் கையில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு அதை அறுக்கக் கூடாது. இன்று காலை, சுத்தம் முக்கியம் என்று சொல்லி, மேற்பார்வையாளர் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாராம்.

எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. "எந்த வெள்ளையன் வெட்டினவன்?"

"வெள்ளையன் இல்லை. உங்கட ஆள்தான், தமிழர். அவரும் இதே சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். கையுறைக்குள்ள."

என் ரயில் வந்து, போகிறது. முறைப்பாடு எழுத நான் பேனையை எடுத்துக்கொண்டு அவனுடைய பெயரைக் கேட்கிறேன்.