முன் சீட்டுக்கு மட்டும் சூடு

பெங்களூர் விவேக் நகரில் நான் குடியிருக்கும் சந்தில் காலையில் வண்டி எடுக்கிற யாரும் செய்யாத ஒரு காரியத்தை நான் செய்கிறேன். ஏறி உட்காருவதற்கு முன் சீட்டை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். வேலூர்க்காரனின் பழக்கம் அது. அங்கே வெயிலில் நிறுத்திய வண்டியில் யோசிக்காமல் உட்கார்ந்தவன், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுவான். பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் ஏறுவோம். இங்கே தட்டினால் கை ஈரமாகிறது, பனி. ஏழு வருஷமாகியும் இந்தப் பாழாய்ப்போன கை சூட்டைத்தான் தேடுகிறது. எதிர்வீட்டுக் கன்னட அம்மா இதைப் பார்த்துவிட்டு, நான் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுக் கிளம்புகிற பக்திமான் என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. இல்லைம்மா, விஷயம் வேறு என்று விளக்குகிற அளவுக்கு என் கன்னடம் இன்னும் வளரவில்லை. சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

என் மனைவி சுமதி காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த வேலையை மாநிலம் தாண்டி மாற்றிக்கொண்டு வர முடியாது. நான் பார்க்கும் நெட்வொர்க் வேலைக்கு வேலூரில் ஆளே தேட மாட்டார்கள். இரண்டே வருஷம், அதற்குள் வேலூர்ப் பக்கமே ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெங்களூருக்கு வந்தேன். அதை நம்பித்தான் அவளும் சரி என்றாள். இரண்டு ஏழாகிவிட்டது. சனிக்கிழமை விடியலில் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் என்று தாண்டி, ஒன்பதரைக்கெல்லாம் அவள் ஊற்றும் தோசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் திரும்ப வேண்டும். நடுவில் கிடைக்கிற அந்த முப்பது மணி நேரத்தைத்தான் நாங்கள் குடும்பம் நடத்துவது என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதைக் கெடுக்க வருவது குளிர். மார்கழியில் ஓசூரைத் தாண்டிச் சூளகிரிப் பக்கம் போனால் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். ஜாக்கெட், கையுறை, சட்டைக்குள் செய்தித்தாள் என்று எதைத் திணித்துக்கொண்டாலும் குளிர் சீட்டு வழியாக ஏறி வரும். இடுப்புக்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். போன மார்கழியில் கிருஷ்ணகிரி டீக்கடை முன்னால் காலை ஊன்றப் பார்த்தேன், கால் மரத்துப்போய் வண்டியோடு சாய்ந்தேன். அடி ஒன்றுமில்லை, மானம்தான் போயிற்று. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் ஆபீசில் வேலை என்று சுமதியிடம் பொய் சொல்லிவிட்டு அறையில் போர்த்திப் படுத்துக்கொண்டேன். அந்தப் பொய் வருஷம் முழுக்க உறுத்தியது. இந்த முறை ஒரு வாரமும் தவறக் கூடாது என்றுதான் சீட் கவருக்கு அடியில் வைக்கும், கரண்டில் சூடாகிற ஹீட்டர் பேட் வாங்கினேன். பெட்டியில் இரண்டு இருந்தன.

ஆஸ்டின் டவுனில் சீட் தைக்கும் சேவியர் அண்ணாவிடம் கொண்டுபோனேன். இந்தக் குளிருக்கா இதெல்லாம் என்று அவர் பனியனோடு நின்றுகொண்டு சிரித்தார். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. கவரின் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஸ்பாஞ்சின் மேல் பேடை ஒட்டி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி ஃப்யூஸ் வைத்து ஒயர் கொடுத்து, ஹேண்டில்பாரில் ஒரு கறுப்பு ஸ்விட்சையும் பொருத்தினார். சக்கத்தா இருக்கும் சார் என்றார், பெங்களூர்த் தமிழில் பிரமாதம் என்று அர்த்தம். பிறகு மிச்சமிருந்ததைக் கையில் எடுத்து, "பின்னாடி சீட்டுக்கும் இத போட்றவா?" என்று கேட்டார்.

"வேணாம்ணா, நான் தனியாத்தான் போவேன்" என்றேன். யோசிக்காமலே வந்த பதில் அது. மிச்ச பேடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவீர்களா என்று பேச்சுக்குக் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எந்த ஊரு சார்? இதே நம்ம ஊரு. எங்க தாத்தா வேலூர் பக்கத்துலேர்ந்து ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போலாம்னு வந்தாராம். எங்க போனாரு?" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சனிக்கிழமை, அடடா, சுகமென்றால் அப்படியொரு சுகம். சூளகிரிப் பனியில் ராஜா மாதிரி போனேன். கிருஷ்ணகிரி டீக்கடையில்கூட நிறுத்தவில்லை. ஒன்பது மணிக்கு முன்பே வாசலில் இறங்கி முதுகை நிமிர்த்தினேன். பால் தீர்ந்துவிட்டது, அப்படியே கடைக்குப் போய் வந்துவிடலாம் என்று சுமதி வெளியே வந்தாள். அவளும் வேலூர்க்காரிதானே, ஏறும் முன் சீட்டைத் தட்டிப் பார்த்தாள். பின் சீட்டு சில்லென்று இருந்திருக்கும். கை தானாக முன்னால் நகர்ந்தது.

"வெயிலே இன்னும் ஏறல. முன்னாடி மட்டும் எப்படிச் சுடுது?"

நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் மார்க் ஷீட்டை நீட்டுவது போல நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்சைப் போட்டும் காட்டினேன். தப்பான விடையைக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படிக்கிற டீச்சராக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப வர்றதா இல்ல" என்றாள்.

"என்ன சொல்ற? வாரா வாரம் வரணும்னுதானே இதையே போட்டேன்?"

"வந்துட்டு வந்துட்டுப் போறவங்களுக்குத்தாங்க இது வேணும். ஒரேயடியா வந்துடப் போறவருக்கு எதுக்கு?"

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பால் வாங்கிக்கொண்டு வந்தோம், தோசை சாப்பிட்டோம். துவைப்பதற்காக என் பையைக் கவிழ்த்தபோது அந்த இரண்டாவது பேட் விழுந்தது. பின் சீட்டுக்கானது என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலூரில் இதற்கு என்ன வேலை என்று கேட்டாள். தூக்கிப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். பீரோவைத் திறந்து, அவளுடைய வேலை ஆர்டரும் சர்டிபிகேட்டுகளும் இருக்கும் தட்டில் அதை வைத்துப் பூட்டினாள். அந்த வேலையை விட்டுவிட்டு ஒருநாள் என்னோடு வந்துவிடலாம் என்று யோசிக்கிறாளா, இல்லை, அந்தக் காகிதங்களோடு அந்த எண்ணத்தையும் பூட்டிவிட்டாளா? கேட்கப் பயமாக இருந்தது. இன்றுவரை கேட்கவில்லை.

ஞாயிறு மாலை திரும்பும்போது ஓசூரில் காற்று மாறியது. தொடை விறைக்க ஆரம்பித்ததும் கட்டைவிரல் தானாக ஸ்விட்சுக்குப் போனது. சேவியர் அண்ணாவின் தாத்தா ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான் ஒவ்வொரு வசதியாகச் செய்துகொண்டு இங்கேயே தங்கிப்போயிருப்பார். விரலை எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து அதுதான் வழக்கம். வேலூருக்குப் போகும்போது ஸ்விட்சைப் போடுவேன், திரும்பும்போது தொடுவதில்லை. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் பல் கிட்டிக்கும், இடுப்பு மரத்துப்போகும். நடுங்கிக்கொண்டேதான் பெங்களூருக்குள் நுழைகிறேன். கிறுக்குத்தனம்தான், தெரிகிறது. ஆனால் எனக்கு இங்கே குளிர்கிற வரைக்கும், சுமதிக்குக் கொடுத்த வார்த்தை இன்னும் முழுசாகப் பொய்யாகவில்லை.