பஸ்ஸில் பொங்கிய இஞ்சிப் பியர்

பருத்தித்துறை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத அம்மா நல்ல உயரம். மடியில் போத்தல்கள் நிறைந்த பை. அடிக்கடி ஒரு மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு, திரும்ப இறுக்குவார்.

"மகளின்ரை கலியாணத்துக்கு நானே புளிக்க வைச்ச இஞ்சிப் பியர், சோடா மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்காரர் கடையிலை வாங்கச் சொன்னவை. மாட்டன் எண்டிட்டன்."

புத்தூரில் பஸ் குலுங்கியதும் ஒரு மூடி பறந்தது. நுரை பொங்கி, கொண்டக்டரின் சட்டையை நனைத்தது.

"இறங்குங்கோ அம்மா!" என்று அவர் கத்தினார்.

"முதல்லை குடிச்சுப் பாரும் தம்பி, பிறகு இறங்கிறன்," என்று மிச்சத்தை நீட்டினார் அம்மா.

கொண்டக்டர் குடித்தார். இஞ்சிக் காரத்தில் கண் கலங்கியது. போத்தலை அவர் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

நெல்லியடியில் பையை இறக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் குடிப்பினமோ?" என்று கேட்டேன்.

"குடிப்பினம்," என்றார் அம்மா.

அதன்பிறகு அந்தக் கலியாணத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.