சக்கரத்தில் எழுபத்து நான்கு

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. டீக்கடையில் நின்றாலும், எதிரே மேடேறும் நெல் லாரி எந்த கியருக்கு இறங்குகிறது என்று காது அங்கே போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ஒரகடம் பக்கம் கார் எஞ்சின்களின் பலத்தை அளக்கும் ஒரு சின்னக் கூடத்தில் எனக்கு வேலை. அந்த யந்திரத்துக்கு டைனோ என்று பெயர். காரின் சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றி, பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் குதிரைத்திறன் திரையில் வரும். ஆனால் அது சக்கரத்துக் கணக்கு. எஞ்சினில் பிறந்ததில் கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மிச்சம். தின்றது எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கூட்டினால்தான் எஞ்சினின் நிஜம் தெரியும். பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு இருபது சதவீதம் என்று வைத்துவிடுவார்கள். நான் வைக்க மாட்டேன், அளப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் டிராக்டர் ஷெட் வைத்திருக்கிறார். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். எஞ்சின் ஹெட் வேலை என்றால் திருப்புலிவனத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம். காற்று உள்ளே போகிற வழி அதில்தான் இருக்கிறது. அந்த வழியைச் சின்ன கிரைண்டரால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி அகலமாக்கினால் எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும், பலம் ஏறும்.

டிராக்டர் வேலை அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, ஆறு மாதம் அதன் ஹெட்டோடு மல்லுக்கட்டினார். கம்பெனிப் புத்தகத்தில் அந்த எஞ்சினுக்கு எண்பத்தைந்து குதிரை. அதை நூறுக்குக் கொண்டுவந்துவிட்டால் இனிக் கார் ஹெட் வேலை மட்டும்தான், ஷெட் வாசலில் புதுப் போர்டு மாட்டிவிடலாம் என்று எங்களுக்குள் பேச்சு. நாற்பது வயதில் அவர் ஒன்றுக்கு இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை காரை டைனோவுக்குக் கொண்டுபோனோம். நான்தான் ஓட்டினேன். ஊர் தாண்டியதும் ரோட்டில் பாதியை அடைத்து உளுந்தஞ்செடியைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் அடிக்கிற வேலை மிச்சம். முறத்தோடு நின்ற ஓர் அம்மா, இன்னொரு தடவை ஏத்திட்டுப் போ கண்ணு என்று கை காட்டினார். மாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை. பின்னால் வந்து, மறுபடி ஏற்றி, அவசரத்தில் மூன்று தடவை வேகமாகவே மிதித்தேன். காருக்குள் தூசி நிறைந்தது. மாமா இருமிக்கொண்டே மெதுவாகப் போகச் சொன்னார். நேரமாகிவிட்டது என்றேன்.

உருளைமேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். பாதி வேகம்வரை திரையில் பலத்தின் கோடு அழகாக ஏறியது. அதற்குமேல் ஏற மறுத்துப் படுத்துக்கொண்டது. எழுபத்து நான்கு. மூன்று முறை ஓட்டினோம், மூன்று முறையும் அதேதான். வெயிலால் இருக்குமோ என்று மாமா கேட்டார். கூடத்தின் சூட்டுக்கு யந்திரமே கணக்கைச் சரிசெய்துகொள்ளும் என்றேன். அவர் பின்னால் போய்ப் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"மேல போகப் போக மூச்சு முட்டிக்கினு கீது. பொகையும் கருப்பா வருது. காத்து பத்தலையோ?"

"காத்துக்கு வழி வெட்டனது நீங்கதான மாமா" என்றேன் நான்.

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. என்னோடு வேலை செய்கிறவர் காதோடு காதாக, இருபது சதவீதம் வைத்துத் தொண்ணூற்றிரண்டு என்று சொல்லிவிடு, மனுஷன் சந்தோஷப்படட்டும் என்றார். நான் கேட்கவில்லை. கிளட்சை மிதித்து உருளைகளைத் தானாக ஓடி நிற்க விட்டேன். அப்படி விட்டால் கியர்பாக்ஸும் டயரும் இழுத்துப் பிடிக்கிற அளவு தெரிந்துவிடும். பதினொன்று வந்தது. எழுபத்து நான்கும் பதினொன்றும் எண்பத்தைந்து. கம்பெனி கொடுத்தது அப்படியே இருக்கிறது, உங்கள் வேலையால் ஒன்றும் ஏறவில்லை, ஹெட்டில்தான் கோளாறு என்று சொன்னேன். நிஜமாகவா என்று ஒரே ஒரு முறை கேட்டார். நிஜம் என்றேன். திரும்பும்போது அவரே ஓட்டினார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது வீட்டில் அவர் இல்லை. அடுத்த தெருவில்தான் ஷெட். நாஷ்டா எடுத்துக்கொண்டு போனேன். ஹெட்டைக் கழற்றி வைஸ் இடுக்கியில் பூட்டி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தார். கிரைண்டர் கத்தியதில் நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. கழற்றிய சாமான்களை வாசலில் ஒரு சாக்கின்மேல் பரப்பியிருந்தார். என் கை சும்மா இருக்குமா? டிபனைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்து க்ளிப்பைத் தட்டித் திறந்தேன்.

உள்ளிருந்து நொறுங்கிய உளுந்தந்தோல் பொட்டும் சருகும் தூசியுமாகக் கொட்டியது. குளிர்ந்த காற்று கிடைக்கட்டும் என்று அவர் காற்றுக் குழாயை பம்பருக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார். நான் மூன்று தடவை மிதித்தது அத்தனையையும் அது உறிஞ்சியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாட்டிய புது ஃபில்டர் என்பதால் இரண்டு பேருமே அதைத் திறந்து பார்க்கவில்லை. ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. எஞ்சினின் வாயை நான்தான் அடைத்திருந்தேன்.

அந்த நொடியே கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. வெறும் மன்னிப்போடு அவரிடம் போக எனக்கு மனசு வரவில்லை, கையில் ஓர் எண்ணும் வேண்டியிருந்தது. கரித்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் குந்தி, கோடு படுக்காமல் ஏறியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். எண்பத்தெட்டு வந்தது. மறுபடி போட்டேன். எண்பத்தொன்பது. பதினொன்றைக் கூட்டினால் நூறு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எழுந்தபோது கிரைண்டரின் சத்தம் சட்டென்று மாறி, நின்றது.

அவர் ஹெட்டையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். காற்று போகிற வழிக்கும் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகிற வழிக்கும் நடுவில் இருந்த சுவரில் சுண்டுவிரல் நுனியளவு ஓட்டை. வெல்டு வைக்கலாம், ஆனால் அந்த வளைவு திரும்ப வராது. அவ்வளவுதான், அந்த ஹெட் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு ஹெட்டைக்கூட அவர் ஓட்டை போட்டதில்லை.

"காலைலேர்ந்து கை ஆடிக்கினே கீது. நீ சொன்னது சரிதாம்மா. எனக்கு இது வராது" என்றார்.

ஃபில்டரை அவர் கையில் வைத்தேன். ரோட்டில் மிதித்ததையும், இப்போது கொட்டியதையும் திக்கித் திணறிச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்த உளுந்தம் பொட்டை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் நிஜமாக எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டார்.

"நூறு மாமா. நூறு இருந்திருக்கும்."

"அளந்தியா?" என்றார்.

கேலியே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.