ஆண்ட்ரோமெடாவுக்கு டாட்டா

அறிவியல் காட்சியகத்தில் அவருக்குப் பெயர் பல்லி. வாழ்நாளில் பாதியைக் கூரைக்குப் பக்கத்திலேயே கழித்த எலக்ட்ரீஷியனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மீதிப் பாதியை டீயிலும் மச்சினனோடு சண்டையிலும் கழித்தார்.

கீழே ஸ்விட்ச் பெட்டி மச்சினனுக்கு, மேலே மோட்டார்கள் பல்லிக்கு. இதுதான் ஏற்பாடு. ஒருநாள் பல்லி ஏணியிலிருந்து தொப்பென்று விழுந்தார். மச்சினன் ஓடிவந்து தூக்கினான்தான். ஆனால் முதலில் சிரித்துவிட்டான். தூக்கியது மறந்துபோய், சிரித்தது மட்டும் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அன்றோடு பேச்சு நின்றது. ஏணியைப் பிடிக்கக்கூட அவனைக் கூப்பிடமாட்டார். தூணோடு கயிற்றால் கட்டிவிட்டு ஏறுவார். கயிறு சிரிக்காது.

இந்த லட்சணத்தில்தான் விண்மீன் மண்டலங்களின் மாதிரி அமைப்பு வந்து சேர்ந்தது. கூரையின் நடுவில் அசையாமல் நம் பால்வீதி. சுற்றிலும் தண்டவாளங்களில் மற்ற மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். பொறுப்பாளர் மேடம் விளக்கினார்.

"ரொம்ப தூரத்துல இருக்கறதெல்லாம் நம்மள விட்டு விலகிப் போகுது. பக்கத்து வீட்டு ஆண்ட்ரோமெடா மட்டும் நம்மகிட்ட வருது."

"வந்து மோதிடுமா மேடம்?"

"அதான் உறுதியா சொல்ல முடியல. நேரா வர்ற வேகம் அதோட வெளிச்சத்துலயே தெரிஞ்சுடும். பக்கவாட்டுல எவ்வளவு நழுவுதுங்கறதுதான் லேசுல பிடிபடாது. மோதலாம், மோதாமயும் போகலாம். எப்படியும் பல நூறு கோடி வருஷம் ஆகும்."

"அப்ப சில பேரு திருந்த இன்னும் டைம் இருக்கு" என்று பல்லி சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு முன்னால் மச்சினன் நின்றிருந்தான்.

சோதனை ஓட்டத்தில் ஆண்ட்ரோமெடா வரவில்லை, போனது. மேடத்துக்குக் கோபம்.

"பேசிக்காம வேலை பாத்தா இப்படித்தான். நாளைக்குத் திறப்பு. அப்பவும் சொதப்பினா ஒருத்தரை வேற கட்டடத்துக்கு மாத்திடுவேன்."

பல்லி ஓரக்கண்ணால் ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் பார்த்தார். மச்சினன் இல்லாவிட்டால் அப்புறம் யாரோடு பேசாமல் இருப்பது? தப்பு அவனுடையதுதான் என்று முடிவுகட்டினார். காட்டிக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஏணியைக் கட்டி ஏறி, ஆண்ட்ரோமெடாவின் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்படி அதன் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல டீ குடிக்கப் போனார்.

மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க, ஸ்விட்ச் போட்டார்கள். தூரத்து மண்டலங்கள் ஒழுங்காக விலகின. ஆண்ட்ரோமெடாவும் அந்தக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டது. ஒரு குட்டிப் பெண் அதற்கு டாட்டா காட்டினாள்.

"டேய், நான்தான் நேத்தே மேல வயரை மாத்திட்டேனே!" என்று பல்லி மச்சினனைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்களுமா? ஐயோ மாமா, நீங்க டீக்குப் போனப்ப நான் கீழ மாத்தினேன்!"

"உன்னை யாருடா மாத்தச் சொன்னா?"

"உங்களை எங்கயாவது அனுப்பிட்டா..."

இரண்டு முறை திருப்பினால் பழைய திசைதானே. மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் மாத்துங்க. ஒருத்தர் மட்டும்!"

இடமாற்றப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இவர்களைப் பிரித்து வைத்தால் இன்னும் என்னென்ன தலைகீழாகுமோ.

பல்லி ஏணியைச் சாத்தினார். கயிறு தூணடியில் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

"பிடிடா."

நாலு படி ஏறியதும் ஏணி லேசாகக் குலுங்கியது. குனிந்து பார்த்தார். மச்சினன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"சிரிக்கணும்னா சிரிச்சுத் தொலை. கையை மட்டும் விட்டுடாத."