நாலரைப் பேர்

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது காட்டாற்றுத் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் பிறந்தவள் பூரணி. அவள் பிறந்த மறுவருஷம், நாற்பத்தெட்டில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு, அவளுடைய அப்பன் செல்லசாமியும் அம்மா ராக்காயியும் இந்த நாட்டுப் பிரஜைகள் அல்லர் என்று ஒரு சட்டமும் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த செல்லசாமியின் பாட்டன் வெட்டிய கான் இன்றும் அந்த மலையில் மழைத்தண்ணீரை இறக்கிக்கொண்டு போகிறது. அதை வெட்டியவனின் பேரன் அந்நியன். இதைக் கொழும்புச் சட்டசபையில் உட்கார்ந்து கைதூக்கி நிறைவேற்றியவர்கள் படித்தவர்கள்.

பூரணியின் கதையைச் சொல்லும் முன் ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆள் மட்டுமல்ல, ஒரு நாள் வேலையும்கூட. கணக்கப்பிள்ளை கேட்ட ராத்தல் கொழுந்து கூடையில் இருந்தால் முழுப் பேர். குறைந்தால், விடிந்ததிலிருந்து அட்டைக்கடியில் நின்றிருந்தாலும் அரைப் பேர், சம்பளமும் பாதி. பெண்கள் அரைப் பேருக்காக அழுதிருக்கிறார்கள், கணக்கப்பிள்ளையைத் திட்டியிருக்கிறார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார்கள். முழு மனுஷியை எப்படி அரையாக எழுதலாம் என்று மட்டும் ஒருத்தியும் கேட்டதில்லை. நெடுநாள் நீடித்த அநியாயம் மொழியின் இலக்கணமாகிவிடுகிறது. பிறகு யாரும் அதைத் தவறென்று சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் என்பது பழைய மாட்டுத் தொழுவத்துக்குச் சுவர் வைத்து அடைத்த ஒரே அறை. ஐந்து வகுப்புக்கும் சிவசாமி வாத்தியார் ஒருவர்தான். 'காந்தம் இரும்பை இழுக்கும்' என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். காந்தத்தை அவர்களும் கண்டதில்லை, வாத்தியாரும் கண்டதில்லை. வாய்ப்பாட்டையும் தேவாரத்தையும் ஒரே ராகத்தில் பாடினார்கள். இரண்டுக்கும் ஒரே அளவு அர்த்தம்தான் அவர்களுக்கு இருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் ஒரு தேயிலைப் பெட்டி லொறியில் வந்து இறங்கியது. கொழும்பிலுள்ள ஏதோ ஒரு மாதர் சங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கென்று அனுப்பிய நன்கொடை. உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒரு சிறிய தராசும் பித்தளைப் படிக்கற்களும், இரண்டு பூதக்கண்ணாடி, ஒரு வெப்பமானி, லாடக் காந்தம், வெவ்வேறு நீளத்தில் சாயம் பூசிய மரக்கட்டைகள். தேயிலைப் பெட்டிகள் கப்பல் கப்பலாகக் கீழே இறங்கிப் போன அந்த மலைக்கு, பிள்ளைகளுக்கென்று திரும்பி வந்த பெட்டி அது ஒன்றுதான். அதுவும் தருமமாக. அரசாங்கம் கொடுக்க வேண்டியதைத் தருமவான்கள் கொடுத்தால் நன்றி சொல்லத்தான் வேண்டும். வெட்கப்படவும் வேண்டும், ஆனால் வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

பெட்டியைத் திறந்த சாயங்காலமே அழகன் கங்காணி வந்துவிட்டார்.

"வாத்தியாரே, சரஸ்வதி பூசை வருது. புதுச் சாமான். பத்து நாளைக்குச் சாமிகிட்ட இருக்கட்டும்."

"பிள்ளைங்க இன்னும் தொட்டுக்கூடப் பாக்கலீங்க."

"சாமி தொட்டுட்டுக் குடுத்தா உங்க பிள்ளைங்க கெட்டாப் போயிரும்?"

கங்காணியைப் பகைத்துக்கொண்டு தோட்டத்தில் வாத்தியார் வேலை பார்க்க முடியாது. பெட்டி கோயிலுக்குப் போனது. தராசுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். ராக்காயி காந்தத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். அறிவைத் தரும் கருவியைக் கையில் எடுக்காமல் கையெடுத்துக் கும்பிடும் இந்த வியாதிக்கு நம்மிடம் இன்னும் மருந்தில்லை.

திரும்பி வந்தபோது பூதக்கண்ணாடியில் சந்தனம் அப்பியிருந்தது. தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாமான்களைத் துடைக்க வாத்தியார் பூரணியைக் கூப்பிட்டார். பத்து வயதுப் பெண் தராசைக் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இது ஏன் இப்பிடிச் சாயுது? பூசாரி ஒடைச்சிட்டாரா?"

"நல்லாப் பாருடி."

பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு தட்டுக்கு மட்டும் பொட்டு வச்சிருக்காங்கய்யா! இன்னொண்ணுக்கு வைக்க மறந்திட்டாங்க!"

குங்குமத்துக்கும் எடை உண்டு; சாமி வைத்தாலும் உண்டு. அந்தத் தோட்டத்தில் யாரும் கற்பிக்காமல் கற்ற முதல் விஞ்ஞானப் பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு அந்த அறையில் சத்தம் மாறிப்போனது. பிள்ளைகள் கத்துவதை விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். கொதிதண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பாதரசம் ஏறுவதைப் பார்த்தார்கள். கழன்று விழுந்த ஆணிகளைக் காந்தத்தால் பொறுக்கினார்கள். பின்னக் கணக்குக்குச் சிவசாமி மரக்கட்டைகளை எடுத்தார். நீளமான சிவப்புக் கட்டையின் மேல் இரண்டு மஞ்சள் கட்டைகளை வரிசையாக வைத்தார்.

"இந்தச் சிவப்பு ஒண்ணுன்னா, ஒரு மஞ்சள் எவ்வளவு?"

வகுப்பு முழித்தது. பூரணி மட்டும் கையை உயர்த்தினாள். "அரைப் பேருங்க."

சிவசாமிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அத்தனை முகங்களும் சட்டென்று தெளிந்ததைப் பார்த்தார். அவர்களுடைய அம்மாக்கள் தினமும் வாங்கி வருவதல்லவா அது!

"ஆமாடி. இது அரைப் பேரு. ரெண்டு அரைப் பேரு?"

"முழுப் பேரு!" என்று அறை அதிர்ந்தது.

அன்றிலிருந்து பின்னம் முழுவதையும் அவர் பேரைக் கொண்டே நடத்தினார். கால் பேர், முக்கால் பேர், ஒன்றரைப் பேர். இரண்டு வருஷங்களில் பூரணி நேர்மாறு விகிதம்வரை வந்துவிட்டாள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் கல்வி என்றால், அதைவிட நல்ல கல்வி அந்த மலையில் நடந்ததில்லை.

பெட்டி வந்த மறுவருஷ மழையில் தேயிலை இலைகளில் கொப்புளம் கண்டது. வெள்ளையாக, உப்பலாக. ஆத்தா செடியில் இறங்கிவிட்டாள் என்று சொல்லிப் பெண்கள் வேப்பிலை தேடினார்கள். பூரணி வாத்தியாரிடம் கேட்டு ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, லயத்தில் தங்கள் ஒற்றை அறையான காம்பராவுக்கு வந்தாள். ஓர் இலையைத் திருப்பி அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"பாரும்மா. மாவு மாதிரி தெரியுதா?"

"தெரியுதுடி."

"பூஞ்சணம். நம்ம அரிசியில பூக்குமே, அதேதான். ஆத்தாவும் இல்ல, முத்தும் இல்ல."

ராக்காயி நெடுநேரம் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடியே, இத்தினி நாளா பூஞ்சணத்துக்கா வெரதம் இருந்தேன்?" என்றாள். பிறகு, "இதெல்லாம் படிச்சா எங்கடி போவே?" என்று கேட்டாள்.

"ஹட்டனுக்கும்மா. அங்க பெரிய பள்ளிக்கூடத்துல விஞ்ஞானத்துக்குன்னே தனி அறை இருக்காம்."

தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் பிள்ளைகளுக்கு மலைதான். மலை என்றால் கொழுந்து. ஐம்பத்தொன்பதில், ஹட்டன் நகரத்துப் பாடசாலை ஒன்று தோட்டப் பிள்ளை ஒருவருக்கு விடுதியோடு இடம் தருவதாகச் சிவசாமிக்குத் தெரியவந்தது. எழுத்துச் சோதனை, செய்முறை, நேர்முகம். ஒரே ஓர் இடம்.

செல்லசாமிக்குப் பிடிக்கவில்லை. "காலையில பேர் கூப்புடுற பெரட்டுல கங்காணி கேட்டுட்டாரு. வார மாசம் கொழுந்துக்கு இவ பேரைப் பதிஞ்சிரலாம்னு சொல்லியிருக்கேன்."

"சோதன முடியட்டும்" என்றாள் ராக்காயி.

"தோத்துட்டா?"

"தோத்தா பதிஞ்சுக்க. செயிச்சா அவ போவா. நீ குறுக்க நின்னே, நான் ஒனக்கு ஒல வைக்க மாட்டேன்."

இப்படியாக விடுதியா மலையா என்பது அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

எழுத்துச் சோதனையில் முதல் இருவரில் ஒருத்தியாக வந்தாள் பூரணி. மற்றவன் வேறொரு தோட்டத்துக் கிளாக்கர் மகன். செய்முறைக்கு ஒரு கல்லைக் கொடுத்து நிறுக்கச் சொன்னார்கள். கிளாக்கர் மகன் கல்லைத் தட்டில் வைத்தான். பூரணி முதலில் வெறும் தட்டுகளைப் பார்த்தாள். சேலைத் துணியில் வெட்டிய கைக்குட்டையால் துடைத்தாள். முள் நடுவில் நின்ற பிறகுதான் கல்லை எடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த கணக்கு மாஸ்டர் கணேசமூர்த்தி, "கெட்டிக்காரி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், நன்றாகப் படிப்பிப்பவர்.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணேசமூர்த்தி கேட்டார்: "மூன்று பேர் ஒரு கிணத்தை ஆறு நாளிலை வெட்டுவினம். நாலு நாளிலை வெட்டி முடிக்க எத்தினை பேர் வேணும்?"

மூன்றை ஆறால் பெருக்கி நான்கால் வகுத்தால் நாலரை. ஐந்து என்று சொல்கிறார்களா என்று பார்ப்பதற்கென்றே போட்ட கணக்கு அது. அரை ஆள் கிடையாது என்பது புரிகிறதா என்று பார்ப்பதற்கு.

பூரணி கணக்கை மனத்திலேயே போட்டாள். "நாலரைப் பேருங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும், பிள்ளை. அரை மனிசனை எங்கையிருந்து பிடிச்சுக்கொண்டு வாறது?"

"மேல் பாதியா, கீழ்ப் பாதியா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். சிரிப்பு வெடித்தது.

பூரணியின் முகம் சிவந்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "எங்க தோட்டத்துல அரைப் பேரு உண்டுங்க. எங்கம்மா போன கெழமைகூட ரெண்டு நாள் அரைப் பேருங்க."

இப்போது சிரிப்பு அடங்கவே இல்லை. நடுவில் இருந்தவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தேநீர்க் கோப்பையை எடுத்தார். அந்தத் தேநீர் எப்படி அவர் மேசைக்கு வருகிறது, பறித்தவள் எப்படி எழுதப்படுகிறாள் என்று அவர் அறிந்திருக்கவில்லை. ஹட்டன் நகரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான். ஆனால் அறியாமலிருக்க வசதியுள்ளவர்கள் எவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அறிய மாட்டார்கள்.

கிளாக்கர் மகன் ஐந்து என்றான். இடம் அவனுக்குக் கிடைத்தது.

சிவசாமி அடுத்த பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார். கணேசமூர்த்தி அவரை மரியாதையாக உட்காரவைத்தார்.

"பிள்ளை கெட்டிக்காரிதான், மாஸ்டர். ரெண்டு பேரும் சரிக்குச் சரி. ஆனால் அரை மனிசன் எண்டு சொல்லுற பிள்ளைக்குக் கணக்கு விளங்கேல்லை எண்டுதானே அர்த்தம்?"

"வெளங்கினதாலதாங்க சொன்னிச்சு. தெனமும் நாலு ஆளை முழு நாளைக்கும் ஒருத்தனை அரை நாளைக்கும் நிறுத்தினா நாலரைப் பேரு. கெணறு நாலு நாள்ல முடிஞ்சிருமுங்களே. எங்க கணக்கு தப்பில்லீங்க."

கணேசமூர்த்தி மேசையிலிருந்த பட்டியலை மூடினார். அவருக்குப் புரியாமலில்லை. "அது உங்கட தோட்டத்துக் கணக்கு. சோதனைக் கணக்கு வேறை" என்றார். "பெயர் போட்டாச்சு. இனி மாத்தேலாது. யார் அவவுக்கு இப்பிடிப் படிப்பிச்சது?"

"நான்தாங்க" என்றார் சிவசாமி.

அடுத்த மாதம் பூரணியின் வயதைக் கூட்டிச் சொல்லிப் பேரைப் பதிந்தார்கள். "எல்லாம் தலையெழுத்து" என்றான் செல்லசாமி. "எழுதுனவன் கைய ஒடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ராக்காயி மகளின் இடுப்பில், கொழுந்தெடுப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள். தலையில் எழுதும் பிரமனை ராக்காயி கண்டதில்லை. எழுதுகிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்: துரையின் அலுவலகமான கந்தோரிலும், கொழும்புச் சட்டசபையிலும், ஹட்டனில் ஒரு நேர்முக மேசையிலும். அவர்களில் யாருடைய கையும் இதுவரை ஒடிந்ததில்லை.

சிவசாமி, சாயங்காலம் வந்து சின்னப் பிள்ளைகளுக்குத் தராசு காட்டித் தரும்படி பூரணியிடம் கேட்டார். சில நாட்கள் வந்தாள். கொழுந்துச் சாயம் ஏறி வெடித்த விரல்களால் சிறிய படிக்கற்களைப் பிடிக்க முடியவில்லை, நழுவி விழுந்தன. பிறகு வரவில்லை.

வாத்தியார் பாடத்தை மாற்றிக்கொண்டார். மரக்கட்டைகள் அதே கட்டைகள்தான். ஆனால் அரைப் பேர் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் பிரம்பை மேசையில் தட்டினார். 'அரை ஆள் கிடையாது, அடுத்த முழு எண்ணை எழுது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பழையபடி ஒரே குரலில் கத்தவைத்தார். அந்தச் சத்தம் மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பூரணிக்குக் கேட்கும். அவளைச் சுற்றி நின்ற பெண்களில் பாதிப்பேர் அன்று கணக்கப்பிள்ளையின் கணக்கில் அரை ஆட்கள்.

அறுபத்தொன்றில், அதே லயத்துப் பேச்சியம்மாவின் மகள், சிவசாமியிடம் படித்த சண்முகவடிவு ஹட்டனுக்குத் தேர்வானாள். கேட்ட கேள்விக்கெல்லாம் முழு எண்ணாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். லயத்தில் சர்க்கரை கொடுத்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் கூடையோடு நின்ற பூரணியிடம் சிவசாமியே வந்து சொன்னார்.

"கேள்விப்பட்டேங்க ஐயா. சந்தோசம். அதுக்கு நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கீங்க."

"உனக்கும் நல்லாத்தானே சொல்லிக்குடுத்தேன், பூரணி."

"ஆமாங்க. எனக்கு உள்ளதைச் சொல்லிக்குடுத்துட்டீங்க."

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சிவசாமி தாங்கியிருப்பார். கணக்கப்பிள்ளை அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அவள் கூடையை இறக்கத் திரும்பினாள்.

இப்போது அறுபத்தைந்து. யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன. பூரணிக்குப் பதினெட்டு வயது. அப்பனும் அம்மாவும் எந்தப் பங்கில் விழுவார்கள், தான் எதில் விழுவாள் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் கேட்கவுமில்லை.